மின்னும் குழலும் கறுப்புப் பெட்டியும்

நம் சங்கத்தின் பொங்கல் விழா முடிந்து, பாத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்த நேரம். உறுப்பினர் ஒருவர் என்னைத் தனியே அழைத்துத் தம் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். எண்கோண வடிவில் ஒரு மரப்பெட்டி. அதன்மேல் ஊமத்தம்பூ போல் விரிந்த பெரிய பித்தளைக் குழல். பெட்டியின் முகப்பில், நாம் எல்லோரும் அறிந்த அந்த நாய்ப் படம். “நூறு வருஷத்துக் கிராமபோன் சார். சகாய விலைக்கு வருகிறது. வாங்கலாமா? நீங்கள் மெக்கானிக்கல் ஆயிற்றே, அதனால்தான் கேட்கிறேன்” என்றார்.

ஏறத்தாழ அதே போன்ற கிராமபோன் ஒன்று என் வீட்டிலும் இருக்கிறது. 2019-இல் 14,000 ரூபாய் கொடுத்து நான் வாங்கியது. அதில் இப்போது பாட்டுக் கேட்பதில்லை. காரணத்தை நண்பரிடம் அன்றே சொல்லிவிட்டேன். ஆனால் இந்த ஆசை அவர் ஒருவருக்கு மட்டும் உரியதல்ல. பணி ஓய்வு பெற்று, கையில் கொஞ்சம் பணமும் மனத்தில் பழைய நினைவுகளும் உள்ள பலருக்கும் இது வருகிறது. ஆகவே, உண்மையான பழங்கிராமபோனை எப்படி அடையாளம் காண்பது, எதைச் சேகரிப்பது, எப்படிப் பேணுவது என்பதை எனக்குத் தெரிந்த அளவில் இங்கே எழுதுகிறேன். நான் இசை அறிந்தவன் அல்லன். டிப்ளமோ படித்து, டீசல் எஞ்சின்களோடு காலம் கழித்தவன். பிழை இருப்பின் அன்பர்கள் பொறுத்தருள்க.

தங்கவயலில் பாட்டுப் பெட்டி

நான் 1958-இல் கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் லைன் வீடு ஒன்றில் பிறந்தவன். பூமிக்கடியில் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம் அது. ஆட்களையும் கல்லையும் ஏற்றி இறக்கும் கேஜின் இரும்புக் கயிற்றைச் சுற்றுகின்ற வைண்டிங் எஞ்சின் கூடத்தில் அப்பா ஃபிட்டர். சிவசமுத்திரத்தில் காவிரி நீரிலிருந்து எடுத்த மின்சாரம், ஏறத்தாழ 90 மைல் தூரம் கம்பி வழியே 1902-லேயே தங்கவயலுக்கு வந்துவிட்டது. ஆனால் என் சிறுவயதில் எங்கள் வீட்டில் எரிந்தது மண்ணெண்ணெய் விளக்குதான். மின்சாரம் ஊரில் இருந்தது, வீட்டில் இல்லை.

மின்சாரம் வேண்டாத பாட்டு ஒன்று மட்டும் இருந்தது. 1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றுக்கொண்டபின், ஊரைவிட்டுப் போன துரைமார் குடும்பங்கள் பல சாமான்களை விற்றுவிட்டுப் போயின. அப்படிப் போன ஒருவரிடம் அப்பா வாங்கியது ஒரு கையடக்கக் கிராமபோன். கறுப்பு ரெக்ஸின் ஒட்டிய பெட்டி. மூடினால் சூட்கேஸ் போல் கையில் தூக்கிப் போகலாம். வெளியே குழல் எதுவும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் அதைத் திண்ணையில் வைப்பார். லைனில் பத்து வீட்டு ஜனங்கள் கூடிவிடுவார்கள். சாவி கொடுப்பது அப்பா. ஊசி டப்பாவைப் பிடித்துக்கொண்டு நிற்பது நான். ஒவ்வொரு பக்கத்திற்கும் ஒரு புது ஊசி; தேய்ந்த ஊசியை வேறொரு தகர டப்பாவில் போட வேண்டும். “டேய், பிளேட்டு மேல கை வைக்காதே, ஓரத்தைப் பிடி” என்பது அவர் ஓயாமல் சொல்லும் வார்த்தை. கிட்டப்பா, சுந்தராம்பாள், தியாகராஜ பாகவதர், ராஜரத்தினம் பிள்ளையின் தோடி, அப்புறம் பல தட்டுகளாக வரும் நாடக செட்டுகள். நாடகத்தில் ஒரு பக்கம் முடிந்து தட்டைத் திருப்பும் இடைவேளையில் கூட்டம் பேசாமல் காத்திருக்கும். அந்த மௌனம் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

வரலாறு சுருக்கமாக

போலியைக் கண்டுபிடிக்க, உண்மையானது எந்தக் காலத்தில் எப்படி இருந்தது என்பது கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

எடிசன் 1877-இல் செய்தது உருளையில் ஒலியைப் பதியும் போனோகிராஃப். தட்டையான தட்டில் பதிந்து பாடும் கிராமபோனுக்கு 1887-இல் காப்புரிமை கோரியவர் எமில் பெர்லினர். 1898-இல் லண்டனில் கிராமபோன் கம்பெனி தொடங்கப்பட்டது. அந்த நாயின் பெயர் நிப்பர். பிரான்சிஸ் பரோ என்ற ஓவியர், நாய் போனோகிராஃபைக் கேட்பதாகத்தான் முதலில் வரைந்தார். கம்பெனி அந்தப் படத்தை வாங்கியபோது, போனோகிராஃபின் மேல் கிராமபோனை வரைந்து கொடுத்தார்.

1902-இல் ஃப்ரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து, கௌஹர் ஜான் முதலியோரின் பாடல்களைப் பதிவு செய்தார். அந்தத் தட்டுகள் ஜெர்மனியில் அச்சாகி இங்கே வந்தன. 1908-இல் கல்கத்தா சியால்தாவில் தொழிற்சாலை வந்தபின், தட்டுகள் இந்தியாவிலேயே அச்சாகின. தட்டுக்கு வேண்டிய அரக்கும் நம் நாட்டுச் சரக்குத்தான். சோட்டா நாக்பூர்க் காடுகளிலிருந்து போனது. 1931-இல் கிராமபோன் கம்பெனியும் கொலம்பியாவும் இணைந்து இ.எம்.ஐ. ஆனது.

வெளியே குழல் நீட்டிய கிராமபோன்களின் செல்வாக்கு இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது, இருபத்தைந்து ஆண்டுகளோடு பெரும்பாலும் முடிந்துவிட்டது. பிறகு குழலைப் பெட்டிக்குள்ளேயே மடித்து வைக்கும் முறை பரவியது. ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ் நிறுவனத்தின் 101 என்ற கையடக்கப் பெட்டி 1925-இல் வந்தது. அதையடுத்து 1931-இல் 102 வந்தது. எங்கள் வீட்டில் இருந்தது 102. தமிழ்ப் பாட்டுத் தட்டுகள் ஏராளமாக வெளிவந்த 1930-களிலும் 40-களிலும் சாதாரணக் குடும்பங்களுக்கு எட்டியவை இத்தகைய பெட்டிகளே. எங்கள் லைன்களில் நான் கண்டவை எல்லாம் பெட்டிகள்தாம். குழல் வைத்ததை ஒரு வீட்டில்கூட நான் கண்டதில்லை.

நான் செய்த இரண்டு தவறுகள்

அப்பா 1994-இல் காலமானார். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்டன. நூற்றிருபது ஆண்டுகள் ஓடிய வேலை ஒரே நாளில் நின்றது. என் தம்பிக்கும் வேலை போயிற்று. அடுத்த சில வருஷங்களில் லைன் வீடுகளிலிருந்து என்னென்னவோ வெளியே போயின. பித்தளை அண்டா, சுவர்க் கடிகாரம், தேக்குக் கட்டில், பாட்டுப் பெட்டி. வாங்குகிறவர்கள் தெருத் தெருவாக வந்தார்கள்.

2003-இல் ஒரு நாள் அம்மா எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினார். “ஏம்பா, பழைய சாமான் வாங்குறவன் வந்திருக்கான். அப்பாவோட பெட்டிக்கு நூத்தைம்பது ரூபா தரேங்கிறான். குடுத்துடட்டுமா?”

“சாவியே பிடிக்கலையேம்மா. வச்சு என்ன செய்யப்போறீங்க? குடுத்துடுங்க” என்றேன்.

உள்ளே ஸ்பிரிங் அறுந்திருந்தது. அது எனக்குத் தெரியும். மாற்ற அரைநாள் வேலை. பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை ரயிலே போகிறது. ரயில்வேக்காரனுக்குப் பாஸும் உண்டு. அந்த அரைநாளை நான் ஒதுக்கவில்லை. இது முதல் தவறு.

அந்த ஆள் தட்டுகளை எடுத்துக்கொள்ளவில்லை. 22 தட்டுகள் கட்டிலுக்கடியில் கிடந்தன. அம்மா போனபின் அவை என்னிடம் வந்தன. 2018-இல் ஓய்வு பெற்றேன். தட்டுகளைக் கேட்க வேண்டும் என்ற ஆசையில், அடுத்த வருஷம் நகரத்துப் பழம்பொருள் கடை ஒன்றில் அந்தப் பித்தளைக் குழல் கிராமபோனை வாங்கினேன். “ஒரிஜினல், ராஜா காலத்து அயிட்டம்” என்றார் கடைக்காரர். நாற்பது வருஷம் எந்திரங்களைப் பார்த்தவன், திருப்பிப் போட்டுக்கூடப் பார்க்காமல் பணத்தைக் கொடுத்தேன். இது இரண்டாவது தவறு.

வீட்டிற்கு வந்து, அப்பாவுக்குப் பிடித்த கிட்டப்பா தட்டைப் போட்டேன். சத்தம் பலமாக வந்தது. ஆனால் காய்ச்சல்காரன் குரல் போல் நடுங்கியது. பாதிப் பாட்டில் ஊசி வழுக்கியது. எடுத்துப் பார்த்தால், ஊசி முனையைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் பொடி. தட்டின் மேல் வெளிறிய வளையம். பல வருஷம் அப்பா ஓரத்தைப் பிடித்துக் காப்பாற்றிய தட்டை, நான் மூன்றே நிமிஷத்தில் கெடுத்துவிட்டேன்.

அடித்தட்டைக் கழற்றினேன். பெட்டி புது மரம். சாயம் பூசிப் பழசாக்கியது. குழல் புதிது. குழலைத் தாங்கும் வளைவுக் குழாயும் புதிது. மோட்டார் ஒன்றுதான் பழையது, நேர்த்தியான வெளிநாட்டு வேலை. அது பெரிய கிராமபோனின் மோட்டார் அல்ல. கையடக்கப் பெட்டியின் மோட்டார். அதைத் தாங்கிய உலோகப் பலகையைப் புதுப் பெட்டிக்குள் அடக்க ஓரத்தை வெட்டியிருந்தார்கள். வெட்டாத ஓரத்தில், காய்ந்த பசையோடு ஒரு துண்டு கறுப்பு ரெக்ஸின் ஒட்டிக்கொண்டிருந்தது.

அது எங்கள் வீட்டுப் பெட்டியின் மோட்டார் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில் பாடியது அது. அந்தத் துணுக்கைப் பார்த்தபோதுதான் இந்த வியாபாரம் எனக்கு விளங்கியது.

போலி எப்படிப் பிறக்கிறது

கடந்த சில பத்தாண்டுகளாக நம் நாட்டில் இத்தகைய கிராமபோன்கள் செய்யப்பட்டு, பழம்பொருள் சந்தைகள் வழியாக உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் விற்கப்படுகின்றன. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இவற்றுக்குக் ‘கிராப்போஃபோன்’ என்று கேலிப் பெயரே வைத்திருக்கிறார்கள். பெட்டி, குழல், பெயர்த்தகடு எல்லாம் பட்டறையில் செய்துவிடலாம். ஆனால் ஸ்பிரிங் மோட்டாரைப் புதிதாகச் செய்வது எளிதல்ல; அதற்குத் துல்லியமான பற்சக்கர வேலை வேண்டும். ஆகவே, மோட்டாருக்காகப் பழைய கையடக்கப் பெட்டிகளைப் பிரிக்கிறார்கள்.

இங்கேதான் உண்மையான நஷ்டம். போலி ரூபாய் நோட்டு அச்சிடுகிறவன் நல்ல நோட்டைக் கிழிப்பதில்லை. போலிக் கிராமபோன் ஒவ்வொன்றுக்கும் ஒரு நல்ல பெட்டி பலியாகிறது. மினுமினுக்கும் குழலை நாம் கேட்கக் கேட்க, பாடக்கூடிய பெட்டிகள் குறைந்துகொண்டே போகின்றன. ஏமாந்த பணத்தை மறந்துவிடலாம். இதை மறக்க முடியவில்லை.

சோதித்துப் பார்க்கும் வழிகள்

வாங்குமுன் அரைமணி நேரம் செலவிடுங்கள். ஒரு கைவிளக்கு, ஒரு புது ஊசி, கெட்டாலும் பரவாயில்லை என்கிற ஒரு 78 சுற்றுத் தட்டு, கைக்கடிகாரம் ஆகியவை போதும்.

1. குழல்: பளபளக்கும் முழுப் பித்தளைப் பெருங்குழல் என்றாலே ஐயம் கொள்க. பழைய குழல்களில் பல, வண்ணம் பூசிய தகடு. இதழ் இதழாக மடித்து இணைத்தவை. மரக்குழல்களும் உண்டு. தொடக்ககாலத்துப் பித்தளைக் குழல்கள் சிறியவை. இணைப்புகளைத் தடவிப் பாருங்கள். பழைய வேலையில் மடிப்பு சீராக ஓடும். புதியதில் பற்றவைத்த ஈயம் திட்டுத்திட்டாகத் தட்டுப்படும்.

2. பெட்டி: அடியிலும் உட்புறத்திலும் விளக்கடித்துப் பாருங்கள். வெளியே கறுத்து, உள்ளே வெளுப்பாக இருந்தால் சாயம் பூசிய புது மரம். அடியில் ஒட்டுப்பலகை, எண்கோணப் பெட்டி, அளவுக்கு மீறிய செதுக்கு வேலை எல்லாம் எச்சரிக்கைகள்.

3. திருகாணிகள்: நம்மைப் போன்ற தொழிற்காரர்களுக்கு இதுவே நல்ல சாட்சி. ஸ்டார் ஸ்க்ரூ என்று நாம் சொல்லும் கூட்டல்குறித் தலைத் திருகாணி 1930-களில்தான் புழக்கத்துக்கு வந்தது. 1910-இல் செய்தது என்று சொல்லப்படும் கிராமபோனில் அது இருந்தால், மேற்கொண்டு விசாரிக்க வேண்டியதில்லை. ஒரே ஓர் ஆணி பிற்காலத்தில் மாற்றியதாக இருக்கலாம்; எல்லா ஆணியும் அப்படி இருக்க முடியாது.

4. வேண்டாத துளைகள்: மோட்டார்ப் பலகையில் எதற்கும் பயன்படாத துளைகள், அரத்தால் வெட்டிய ஓரங்கள், சாவித்தண்டு நுழையும் இடத்தில் கோணலாகக் குடைந்த ஓட்டை ஆகியவை இருந்தால், அந்த மோட்டார் வேறு வீட்டிலிருந்து வந்தது.

5. ஊசியின் பாதை: மோட்டாரை நிறுத்திவிட்டு, ஊசி பிடித்த கையைத் தட்டின் நடுக்கம்பி வரை மெல்லக் கொண்டுபோங்கள். ஊசி முனை நடுக்கம்பிக்கு வெகு அருகில் சென்று சேர வேண்டும். ஓர் அங்குலம் தள்ளிப் போனால், அந்தக் கையும் அந்தத் தட்டுமேடையும் ஒன்றுக்கொன்று செய்யப்பட்டவை அல்ல. ஊசி தடத்தின் போக்கிலேயே அமையாமல் பக்கவாட்டில் உராய்ந்துகொண்டு போகும். என் தட்டைக் கெடுத்தது இதுதான். மற்றச் சோதனைகளில் ஏமாந்தாலும் இதில் ஏமாற முடியாது. வடிவக் கணிதம் பொய் சொல்லாது.

6. வேகம்: தட்டின் ஓரத்தில் ஒரு காகிதத் துண்டைச் செருகி, ஊசியை வைத்துப் பாடவிட்டபடி ஒரு நிமிஷம் எண்ணுங்கள். 78 சுற்று வர வேண்டும். பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் சுமார் 3 நிமிஷம்; அதாவது ஏறத்தாழ 230 சுற்று. முழுச் சாவி கொடுத்தால் ஒரு பக்கமாவது வேகம் குறையாமல் ஓட வேண்டும்.

7. பெயர்த்தகடு: இதைக் கடைசியில் பாருங்கள். நாய்ப் படத்தை எவரும் எதன்மேலும் ஒட்டலாம். முதல் ஆறும் தேறினால் தகட்டுக்கு மதிப்பு. தேறாவிட்டால் தகடு ஒன்றையும் நிரூபிக்காது.

உள்ளே வேலை செய்வது என்ன?

கிராமபோன் மோட்டாரின் உயிர் அதன் கவர்னரில் இருக்கிறது. இறுக்கிச் சுற்றிய ஸ்பிரிங் தொடக்கத்தில் வேகமாகவும் பிறகு சோர்ந்தும் இழுக்கும். ஆனால் தட்டு ஒரே வேகத்தில் சுற்றினால்தான் சுருதி நிற்கும். அதற்காக ஒரு சிறு தண்டைச் சுற்றி, மெல்லிய பட்டைவில்களில் மூன்று குண்டுகளைக் கட்டியிருப்பார்கள். வேகம் கூடினால் குண்டுகள் வெளியே விரியும். அவை ஒரு வட்டத்தகட்டை இழுத்துத் தோல் பட்டையில் உராய வைக்கும். வேகம் அடங்கும். வேகம் குறைந்தால் குண்டுகள் உள்ளே சுருங்கும், உராய்வு விடுபடும். டீசல் ஷெட்டில் நான் பழுது பார்த்த ஊட்வர்ட் கவர்னரிலும் சுழலும் குண்டுகள்தாம். அங்கே அவை எண்ணெயின் அளவைக் கூட்டிக் குறைக்கின்றன, இங்கே பிரேக் போடுகின்றன. 2,600 குதிரைத்திறன் எஞ்சினுக்கும் ஒரு பாட்டுப் பெட்டிக்கும் ஒரே நியாயம்.

குரல் நடுங்கினால், பெரும்பாலும் கவர்னரின் பட்டைவில் ஒன்று ஒடிந்திருக்கும், அல்லது தோல் பட்டை காய்ந்திருக்கும். ஒரு சொட்டு எண்ணெயில் சரியாகிவிடுவதும் உண்டு.

ஓர் எச்சரிக்கை. ஸ்பிரிங் இருக்கும் உருளையை அனுபவம் இல்லாதவர்கள் திறக்க வேண்டாம். சாவி முழுதும் இறங்கிய பிறகும், உள்ளே அடைபட்ட பட்டை சீறிப் பாய்ந்து கையைக் கிழித்துவிடும்.

ஊசி சில்லென்று பாடும் இடம் சவுண்ட் பாக்ஸ். பழையவற்றில் அதன் நடுவே அபிரகத் தகடு இருக்கும். பிந்தியவற்றில் அலுமினியத் தகடு. தகட்டைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் காலத்தால் கல்லாகிவிடும். அதை மாற்றினாலே பாதிக் கரகரப்பு போய்விடும்.

தட்டுகளைப் பேணுதல்

ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி என்று அப்பா வைத்திருந்த விதிக்குக் காரணம் பின்னாளில்தான் எனக்குப் புரிந்தது. தட்டில் அரக்கோடு கல்பொடியும் கலந்திருக்கிறது. முதல் சில சுற்றுகளிலேயே அது ஊசியை உரசி, தடத்தின் வடிவுக்குத் தேய்த்துக்கொள்கிறது. ஒரு பக்கம் முடிவதற்குள் ஊசிக்கு உளி போல் விளிம்பு வந்துவிடும். அதையே மீண்டும் வைத்தால் தடத்தைச் செதுக்கிவிடும். ஊசி போனால் வாங்கலாம். தட்டு போனால் போனதுதான்.

ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவே கூடாது. தச்சர்கள் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான் மரத்துக்குப் பாலிஷ் போடுகிறார்கள். தட்டும் அப்படியே கரையும். சோப்பு கலந்த நீரில், நடுவிலுள்ள லேபிள் நனையாமல் மெல்லத் துடைத்து, நிழலில் உலர்த்த வேண்டும். அடுக்கிப் படுக்க வைக்காமல் செங்குத்தாக நிறுத்தி வைக்க வேண்டும். பின்னாளில் வந்த எல்.பி. தட்டுகளை இந்தப் பெட்டியில் போடக்கூடாது. ஒரே தடவையில் பாழாகும்.

தட்டு மட்டும் இருந்து பெட்டி இல்லாதவர்கள் வருந்த வேண்டாம். பெங்களூரில் 2011-இல் தொடங்கிய ஆர்க்கைவ் ஆஃப் இந்தியன் மியூசிக் போன்ற அமைப்புகள், பழைய பதிவுகளைக் கணினியில் ஏற்றிப் பாதுகாத்திருக்கின்றன. கேரளத்தில் கோட்டயம் மாவட்டம் பிளாசநாலில், வனத்துறைக் கழகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர் கிராமபோன்களுக்கென்றே அருங்காட்சியகம் அமைத்திருக்கிறார். தட்டுகளோடு வந்த பாட்டுப் புத்தகங்களுக்குச் சென்னை ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது.

எதைச் சேகரிப்பது?

தங்கவயலில் பிறந்த எங்களுக்கு ஒன்று தெரியும். தங்கம் சுரங்கத்தில் பளபளத்துக்கொண்டு கிடப்பதில்லை. ஒரு டன் கல்லை அரைத்தால் சில கிராம் கிடைக்கும். பாறையில் கண்ணைப் பறிப்பது பெரும்பாலும் கந்தகக் கல். இதைச் சிறுவயதிலேயே அப்பா சொல்லியிருக்கிறார். இருந்தும் பித்தளையைக் கண்டு மயங்கினேன்.

ஆகவே என் கருத்து இது. உண்மையான குழல் கிராமபோன் நல்ல சான்றோடு கிடைத்தால், வசதி உள்ளவர்கள் வாங்கட்டும். மற்றவர்கள் அந்தக் கறுப்புப் பெட்டியைத் தேடுங்கள். நம் குடும்பங்கள் பாட்டுக் கேட்டது அதில்தான். முதலில் உங்கள் வீட்டுப் பரணில் தேடுங்கள், பிறகு உறவினர் வீட்டில். கிடைத்தால் பெட்டியோடு அதன் கதையையும் வாங்கி வையுங்கள். யார் வாங்கினார், எந்த ஊரில் பாடியது, என்னென்ன தட்டுகள் இருந்தன என்பதை ஓர் அட்டையில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். அந்த அட்டை இல்லாத பெட்டி பேரப்பிள்ளைகளுக்கு வெறும் டப்பாதான். நானே அதை டப்பா என்று விட்டவன் அல்லவா?

சென்ற ஆண்டு மாரிக்குப்பத்தில் ஒரு பெரியவர் வீட்டுக்குப் போயிருந்தேன். சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், எண்பதைத் தாண்டியவர். அவரிடம் ஒரு 102 இருந்தது. சாவி பிடிக்கவில்லை. “வித்தா என்ன வரும் தம்பி?” என்று கேட்டார்.

“மோட்டாருக்காக இரண்டாயிரமோ மூவாயிரமோ தருவாங்க ஐயா. மோட்டாரைப் பிடுங்கிக்கிட்டுப் பெட்டியை எறிஞ்சிடுவாங்க. வச்சுக்கிறதா இருந்தா, நான் ஸ்பிரிங் மாத்தித் தரேன். காசு வேண்டாம்” என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை. உள்ளிருந்து மருமகள்தான், “இங்கேயே இருக்கட்டும் மாமா” என்றார்.

அடுத்த வாரம் கருவிகளோடு போனேன். சரியாக அரைநாள் ஆயிற்று. சாவி கொடுத்து, தட்டை வைத்து, ஊசியை இறக்கப் போகும் சமயம் பெரியவர் என் கையைத் தடுத்தார். “ஊசி புதுசா?” என்று கேட்டார். புதுசுதான் என்று டப்பாவைக் காட்டினேன். பிறகு தலையசைத்தார்.

என் பித்தளைக் குழலிலிருந்து மோட்டாரைக் கழற்றித் துடைத்து, எண்ணெயிட்டுத் தனியே வைத்திருக்கிறேன். அதற்கேற்ற கறுப்புப் பெட்டி ஒன்று காலியாகக் கிடைத்தால் அதில் பொருத்தலாம் என்று தேடிக்கொண்டிருக்கிறேன். அன்பர்கள் வீட்டில் மோட்டார் இல்லாத பெட்டி இருந்தாலும், பாடாத பெட்டி இருந்தாலும் சங்க அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். வந்து பார்க்கிறேன். இப்போது எனக்கு அரைநாள் இருக்கிறது.